படகுக்கு ரெண்டு நாள், வீட்டுக்கு ரெண்டு மணி நேரம்

இதை எழுதணும்னு நினைச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு பாரா எழுதுவேன், என் முட்டாள்தனம் எனக்கே பளிச்சுனு தெரியும், மூடி வச்சிருவேன். ஆனா ஃப்ளோரிடா பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் புதுசா வீடு வாங்குறாங்க, அதுல சில பேர் என்னை மாதிரி பாய்மரப் படகு ஆசையிலயும் விழுந்துடுறாங்க. 2024 செப்டம்பர், அக்டோபர்ல ஹெலீன், மில்டன்னு 13 நாள் இடைவெளியில ரெண்டு ஹரிகேன் எங்களை அடிச்சிட்டுப் போச்சு. அதுக்கு முன்னாடி யாராவது என்னை உக்கார வச்சு நாலு விஷயம் சொல்லியிருந்தா எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லாம இல்ல, சொன்னவங்களையும் நான் கேக்கல, அது வேற கதை, அதையும் சொல்றேன்.

நாங்க இருந்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஷோர் ஏக்கர்ஸ்னு ஒரு ஏரியா, டாம்பா பேயை ஒட்டி. ஒரே மாடி வீடு, தரையோட தரையா கட்டினது, பௌர்ணமி அலைக்கே சில தெருவுல தண்ணி நிக்கும். 2019ல வாங்கினோம். 2021ல 14,000 டாலருக்கு ஒரு பழைய காட்டலினா 30 பாய்மரப் படகு, 1987 மாடல், வாங்கினேன். அதுக்கு மேல பாய், பேட்டரி, இஞ்சின் வேலைன்னு இன்னொரு 6,000 போட்டேன். என் வொய்ஃப் அதை "உங்க சின்ன வீடு"ன்னுதான் சொல்வா. சனி ஞாயிறு ஆனா நான் அங்கதான். படகு நிறுத்துற மெரினால பக்கத்து ஸ்லிப்ல, அதாவது பக்கத்துப் படகு நிக்கிற இடத்துல, எழுபது வயசு தாண்டின ஒரு அமெரிக்கப் பெரியவர் படகுலயே குடியிருந்தார், நாங்க வீட்ல பேசறப்போ தாத்தான்னு சொல்வோம், கயிறு கட்ட எனக்குக் கத்துக் குடுத்ததே அவர்தான்.

2022ல இயான் ஹரிகேன் வந்தப்போ முதல்ல டாம்பாவுக்குத்தான் நேரா வருதுன்னு சொன்னாங்க, கடைசில தெற்கால திரும்பி செப்டம்பர் 28 அன்னிக்கு காயோ கோஸ்டா தீவுல கரை ஏறுச்சு. எங்க பக்கம் என்ன ஆச்சுன்னா கடல் உள்ள வர்றதுக்குப் பதிலா வெளிய போச்சு. டாம்பா பே ஓரத்துல தண்ணியே இல்ல, ஜனங்க சேத்துல நடந்து போய் போட்டோ எடுத்தாங்க, நானும் எடுத்தேன். புயலோட சென்டர் நமக்குத் தெற்கால போனா காத்து கரையிலேருந்து கடல் பக்கம் அடிக்கும், தண்ணியை வெளிய தள்ளும். மேற்கால, வடக்கால போனா கடல்லேருந்து உள்ள அடிக்கும், தண்ணியைக் கொண்டு வந்து கொட்டும். இது அன்னிக்கே கண் முன்னாடி நடந்துச்சு. நான் அதுலேருந்து கத்துக்கிட்டது என்ன தெரியுமா? "இவங்க சும்மா பயமுறுத்துறாங்க, டாம்பாவுக்கு ஒண்ணும் வராது."

ஹெலீன் பேச்சு செப்டம்பர் 23, திங்கக்கிழமை ஆரம்பிச்சது. நேஷனல் ஹரிகேன் சென்டர் மேப்ல அந்த வெள்ளைக் கூம்பு எங்களுக்கு மேற்கால, கடல்ல ஏறிப் போய் வடக்கால, ஃப்ளோரிடா கரை வளையற பிக் பெண்ட் பக்கம் முடியுது. எங்க ஊர்லேருந்து சென்டர் நூறு மைலுக்கு மேல தள்ளி. நான் நிம்மதியாயிட்டேன். அந்தக் கூம்பு சொல்றது புயலோட மையம் எந்தப் பாதையில போகலாம்ங்கிறதை மட்டும்தான், அதுவும் மூணுல ரெண்டு பங்கு நேரம்தான் மையம் அதுக்குள்ள இருக்கும். காத்தும் தண்ணியும் எவ்வளவு தூரம் பரவும்னு அதுல கிடையவே கிடையாது, புயல்ல கடல் எவ்வளவு ஏறும்னு காட்டத் தனியா ஸ்டார்ம் சர்ஜ் மேப் இருக்கு. அதுல டாம்பா பேக்கு 5லேருந்து 8 அடின்னு போட்டிருந்தாங்க. நான் பாத்தேன். பாத்துட்டு மறுபடியும் கூம்பையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அம்மா நாகப்பட்டினத்துலேருந்து போன் பண்ணாங்க. சுனாமியும் பாத்தவங்க, 2018ல கஜாவும் பாத்தவங்க. நான் காத்து இத்தனை மைல் வேகம், சென்டர் இத்தனை மைல் தூரம்னு அளந்து விட்டுக்கிட்டிருக்கேன், அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு "அது கிடக்கட்டும்டா, தண்ணி எவ்வளவு ஏறுமாம்?"னு ஒரே கேள்வி. "அதெல்லாம் இங்க பாத்துக்குவாங்கம்மா"ன்னு சொல்லி வச்சுட்டேன். யாரு பாத்துக்குவாங்க, எனக்கே தெரியல.

செவ்வாய் சாயங்காலமும் புதன் முழுசும் லீவு போட்டு படகுல வேலை பாத்தேன். இதுல நான் செஞ்சதெல்லாம் சரியாத்தான் செஞ்சேன், அதனால விவரமா சொல்றேன், போட் வச்சிருக்கவங்களுக்கு உதவும். முதல்ல காத்து பிடிக்கிற எல்லாத்தையும் கழட்டணும். முன் பாய் சுருட்டித்தானே இருக்கு, கிடக்கட்டும்னு விடக்கூடாது, புயல்ல மொதல்ல பிச்சுக்கிறது அதுதான், ஒரு தடவை விரிஞ்சுட்டா படகையே இழுத்துட்டுப் போயிரும். மெயின் பாய், வெயிலுக்குப் போட்டிருக்க துணிக் கூரை, சோலார் பேனல், மேல கட்டி வச்ச ரப்பர் போட் எல்லாம் இறக்கியாச்சு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதோட அழுத்தம் நாலு மடங்காகும், அதனால சின்னத் துணி தானேன்னு எதையும் நினைக்காதீங்க. மெயின் பாயோட அடிக்கட்டை, பூம்னு சொல்வாங்க, அதை இறக்கி டெக்ல வச்சுக் கட்டினேன். அடியில இருக்க வால்வெல்லாம் மூடினேன், காக்பிட்ல, அதாவது உக்காந்து படகு ஓட்டுற பள்ளத்துல, விழுற மழைத் தண்ணி வெளிய போற வால்வு மட்டும் திறந்தே இருக்கணும்.

அப்புறம் கயிறு. அதுலதான் தாத்தா என்னைப் பின்னி எடுத்துட்டார். எங்க மெரினால மிதக்கிற டாக் (படகு கட்டுற மேடை) கிடையாது, நிலையா நிக்கிற மரத் தூண், மரப் பலகை. தண்ணி 6 அடி ஏறினா படகும் 6 அடி ஏறும், ஆனா டாக் ஏறாது. கயிறு குட்டையா இருந்தா ஒண்ணு கிளீட், அதாவது கயிறு கட்டுற கொக்கி, பிடுங்கிக்கும், இல்லன்னா படகையே கீழ இழுத்துப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்கும். அதனால பக்கத்துல இருக்க தூணை விட்டுட்டு எதிர்ப்பக்கம், தூரமா இருக்க தூணுக்கு நீளமா குறுக்குக் கயிறு கட்டணும், கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு ஏத்த இறக்கம் தாங்கும். ஒவ்வொரு மூலைக்கும் ரெண்டு கயிறு, ரெண்டும் ஒரே கிளீட்ல வேண்டாம். படகு ஸ்லிப்புக்கு நடுவுல, சிலந்தி வலைக்குள்ள மாட்டின பூச்சி மாதிரி நிக்கணும், எந்தப் பக்கமும் மரத்தைத் தொடக்கூடாது. கயிறு அறுந்து போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இழுவை இல்ல, தேய்மானம். படகு விளிம்புல உரசற இடத்துல ராத்திரி முழுக்கத் தேய்ஞ்சு தேய்ஞ்சு அறுந்துரும். அந்த இடத்துக்கெல்லாம் பழைய தீயணைப்பு ஹோஸை வெட்டிச் சுத்தினோம். தோட்டத்து ரப்பர் ஹோஸ் போடாதீங்கன்னார் தாத்தா, சூடு உள்ளயே நின்னு நைலான் உருகிருமாம். கயிறு, ஹோஸ், மத்த சாமான்னு 640 டாலர் ஆச்சு. புதன் ராத்திரி 9 மணிக்கு வேலை முடிஞ்சு டாக்ல நின்னு படகைப் பாத்தப்போ அப்படி ஒரு பெருமை.

வீட்டுக்கு வந்தா வொய்ஃப் வாசல்லயே நிக்கிறா. ஞாயித்துக்கிழமைதான் மேல அட்டிக்லேருந்து கொலு பொம்மைப் பெட்டியெல்லாம் இறக்கியிருந்தோம், அக்டோபர் 3 நவராத்திரி ஆரம்பம். பதினோரு அட்டைப் பெட்டி, ஹால்ல தரையில வரிசையா இருக்கு. அவ பாட்டி காலத்துப் பொம்மை அதுல பாதி. ஊர்லேருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் நாலஞ்சுன்னு புடவைக்குள்ள சுத்தி மடியில வச்சுக் கொண்டு வந்தது. "ஏங்க, இதை மறுபடியும் மேல ஏத்திடலாமா"ன்னு திங்கக்கிழமையே கேட்டா. நான் "போட் வேலை முடியட்டும்மா"ன்னேன். புதன் ராத்திரியும் கேட்டா, நான் இடுப்பு வலியில "காலையில பாத்துக்கலாம், சோபா மேல வச்சாப் போதும்"னேன்.

வியாழன் காலையில ஏ ஜோன் காலி பண்ணணும்னு போன் அலறுது. நாங்க ஏ ஜோன். இதுல நிறைய பேர் குழப்பிக்கிறாங்க: ஏ, பி, சின்னு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) சொல்றது ஊரைக் காலி பண்ற ஜோன். இன்சூரன்ஸ்காரங்க ஏஇ, எக்ஸ்னு சொல்றது பேரிடருக்குன்னு இருக்க ஃபெடரல் அமைப்பு ஃபெமாவோட வெள்ள ஜோன். ரெண்டும் வேற வேற, ஒண்ணை வச்சு இன்னொண்ணை முடிவு பண்ணாதீங்க. வீட்டுக்குன்னு எனக்குக் கிடைச்சது ரெண்டே மணி நேரம். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மணல் மூட்டை வச்சேன், பாஸ்போர்ட், பத்திரம் எடுத்தேன், பொம்மைப் பெட்டியில ஏழு சோபா மேலயும் நாலு சாப்பாட்டு மேஜை மேலயும் வச்சேன், ஒரு காரை வாசல்லயே விட்டுட்டு இன்னொண்ணுல கடலை விட்டு உள்ள தள்ளி வெஸ்லி சாப்பல்ல இருக்க நண்பர் வீட்டுக்குக் கிளம்பினோம். வாசல் மணி கேமராவை மட்டும் போன்ல பாத்துக்கிட்டே இருந்தோம். ராத்திரி ஒம்பதரைக்குத் தெரு தெரியல. பத்தே முக்காலுக்குக் கார் டயர் தெரியல. அப்புறம் மணல் மூட்டை ஒவ்வொண்ணா மறைஞ்சுது. அப்புறம் படம் நின்னு போச்சு. வொய்ஃப் ஒண்ணுமே பேசல, போனைக் கவுத்து வச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா. ஹெலீன் அந்த நேரம் எங்களுக்கு ரொம்ப வடக்கால பெர்ரி பக்கம் 140 மைல் வேகத்துல கரை ஏறிக்கிட்டிருந்தது. எங்க ஊர்ல வழக்கமான ஏத்தத்துக்கு மேல 6 அடிக்கும் அதிகமா கடல் வந்துச்சு, அதுவரைக்கும் 1985ல வந்த எலெனா புயல்தான் ரெக்கார்டு, அது 4 அடிக்கிட்ட.

மறுநாள் மத்தியானம் உள்ள விட்டாங்க. சுவத்துல தண்ணி நின்ன கோடு, டேப் வச்சுப் பாத்தேன், 31 இன்ச். மணல் மூட்டை அசையாம அப்படியே இருக்கு, தண்ணி கதவு வழியா மட்டுமா வந்துச்சு? ஷவர் ஓட்டை, டாய்லெட், சுவருக்கும் தரைக்கும் நடுவுல இருக்க இடுக்குன்னு எல்லா வழியாவும் வந்திருக்கு. ஃப்ரிட்ஜ் மிதந்து போய்க் குறுக்கால படுத்திருக்கு. சோபா மிதந்து கவுந்திருக்கு, இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க, சோபா மிதக்கும்னு. ஏழு பெட்டியும் சேத்துல. களிமண் பொம்மை உப்புத் தண்ணியில ஊறினா என்னாகும்னு எழுத விரும்பல. மேஜை மேல இருந்த நாலு பெட்டி தப்பிச்சுது, மேஜை கனமான மரம். வொய்ஃப் தசாவதார செட்டைத் தேடி ஒரு கூர்மத்தோட முதுகு ஓடு மட்டும் எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நின்னா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னிக்குச் சாயங்காலம் மெரினாவுக்குப் போனேன். ரெண்டு படகு தூண் மேல குத்திக்கிட்டு நிக்குது, ஒண்ணு பார்க்கிங் லாட்ல படுத்திருக்கு. என் படகு மட்டும் ஒரு கீறல் இல்லாம நடுவுல ஆடிக்கிட்டிருக்கு. தாத்தா முதுகுல தட்டிக் குடுத்தார். எனக்குச் சந்தோஷமே வரல. வீட்டுக்கு வந்து அவகிட்ட படகு நல்லா இருக்குன்னு சொல்லவும் வாய் வரல. இது ரெண்டும் ஒண்ணா வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்றது: வீட்டை முதல்ல முடிங்க, மிச்ச நேரம் படகுக்கு. படகு வேலை கையில கயிறு, முடிச்சுன்னு சுவாரஸ்யமா இருக்கும், வீட்டு வேலை பெட்டி தூக்குறது, அதனாலயே மனசு படகுப் பக்கம் ஓடும். எனக்கு அதுதான் நடந்துச்சுன்னு இப்பத் தெரியுது.

இனி பணம். வீட்டு இன்சூரன்ஸ் காத்துக்கு, வெள்ளத்துக்கு இல்ல, இது பலருக்குத் தெரியும். வெள்ளத்துக்குத் தனியா ஃபெடரல் பாலிசி வச்சிருந்தேன், லோன் குடுத்த பேங்க் கட்டாயப்படுத்தினதால. ஆனா பேங்க்குக்கு வேண்டியது கட்டடம் மட்டும்தான். உள்ள இருக்க சாமானுக்குத் தனி கவரேஜ், கட்டடத்துக்கு 250,000 வரைக்கும்னா சாமானுக்கு 100,000 டாலர் வரைக்கும், அதை நான் வாங்கவே இல்ல, வருஷத்துக்குக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்னு. 38,000 டாலர் சாமான் போச்சு, ஒரு காசு வரல. அதைவிட அதிர்ச்சி, வீடு ரிப்பேர் ஆகுற வரைக்கும் வெளிய வாடகைக்கு இருந்தா அதுக்கும் அந்தப் பாலிசி குடுக்காது. மாசம் 2,900 வாடகை, ஒம்பது மாசம், அதுல ரெண்டு மாசத்துக்கு ஃபெமா உதவி வந்துச்சு. இப்போ வாங்கிக்கலாமேன்னு நினைச்சா, புதுசா எடுக்கிற ஃபெடரல் ஃப்ளட் பாலிசி சாதாரணமா 30 நாள் கழிச்சுத்தான் நடைமுறைக்கு வரும், புயல் மேப்ல தெரிஞ்சப்புறம் வாங்கிப் பிரயோஜனம் இல்ல. காருக்கு மட்டும் காம்ப்ரிஹென்சிவ் இருந்ததால வாசல்ல மூழ்கினதுக்குப் பணம் வந்துச்சு. இன்னொண்ணு, மணல் மூட்டை, பிளாஸ்டிக் ஷீட் மாதிரி சேதத்தைத் தடுக்கப் பண்ற செலவுக்கும் அந்தப் பாலிசியில 1,000 டாலர் வரைக்கும் கேக்கலாம், இன்சூர் பண்ண சாமானை வேற இடத்துக்கு மாத்தின செலவுக்குத் தனியா 1,000 வரைக்கும், ரசீது வேணும். எனக்கு யாரும் சொல்லல, ரசீதை எல்லாம் அந்தச் சேத்தோடயே தூக்கிப் போட்டுட்டேன்.

இன்சூரன்ஸ்லேருந்து சேதத்தை மதிப்புப் போட அட்ஜஸ்டர் வர்ற வரைக்கும் ஈரச் சுவத்தை அப்படியே வச்சிருக்கணும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, நானும் மூணு நாள் காத்திருந்தேன், அதுக்குள்ள பூஞ்சை பிடிச்சுருச்சு. காத்திருக்க வேண்டாம். தண்ணிக் கோட்டைப் போட்டோ எடுங்க, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாத்துலயும் இருக்க சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்க, கார்ப்பெட்டுல ஒரு துண்டு வெட்டி வச்சுக்கங்க, அப்புறம் உடைச்சு வெளிய தள்ளுங்க. நல்ல கான்ட்ராக்டர்னு யாரோ அனுப்பின ஒருத்தனுக்கு 4,000 அட்வான்ஸ் குடுத்தேன், அவன் நம்பர் இப்போ வேலை செய்யல. லைசன்ஸை ஸ்டேட் வெப்சைட்ல ரெண்டு நிமிஷத்துல பாத்திருக்கலாம். அந்த நிலைமையில யார் வந்து "நான் பாத்துக்கிறேன் சார்"னு சொன்னாலும் கட்டிப் பிடிச்சு அழணும் போல இருக்கும், அது அவங்களுக்குத் தெரியும்.

தெரு முழுக்க ரெண்டு பக்கமும் எல்லார் வீட்டு சாமானும் மலை மாதிரி கிடக்கு, அதை அள்ள லாரி வர்றதுக்குள்ள அக்டோபர் 5 மில்டன் பேர் வச்சுட்டாங்க. 7ஆம் தேதி திங்கக்கிழமை அது கேட்டகரி 5, ஹரிகேன்லயே உச்ச நிலை, 180 மைல் வேகம், நேரா டாம்பா பேயைப் பாத்து. 10லேருந்து 15 அடி தண்ணின்னு சொன்னாங்க. அந்தக் குப்பை மலையெல்லாம் காத்துல பறந்து வந்து அடிக்கும்னு வேற பயம். இந்தத் தடவை நான் புத்திசாலி இல்லையா, வீட்டுக்கு முதலிடம். ஆனா வீட்ல என்ன இருக்கு? நாலடி உயரத்துக்குச் சுவத்தை வெட்டியாச்சு, வெறும் மரக்கட்டை எலும்புக்கூடு. மிச்சம் இருந்த நாலு பொம்மைப் பெட்டியையும் காரோட பின் சீட்ல பெல்ட் போட்டு வச்சோம்.

படகுக்குன்னு செவ்வாய் விடிகாலையில ஒரு முக்கால் மணி நேரம்தான் போனேன், மனசுல அதும்மேல ஒரு கோவம் கூட இருந்துச்சுன்னு நினைக்கிறேன். பாய் ஏற்கனவே இறக்கியிருந்தது. கயிறெல்லாம் ஹெலீனுக்குக் கட்டினது அப்படியே இருக்கு, 15 அடி வருதேன்னு இன்னும் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். ஹோஸைத் தள்ளிக் கயிறு தேய்ஞ்சிருக்கான்னு பாக்கல. பேட்டரி சார்ஜ் பாக்கல, சோலார் பேனல் வீட்டு கராஜ்ல மூழ்கிப் போயிருந்தது. காக்பிட் மூலையில காஞ்ச ஓக் இலை கொஞ்சம் கிடந்தது, கண்ணால பாத்தேன், குனிஞ்சு எடுக்கல. தாத்தா இல்ல, அவர் படகை வித்துடப் போறேன்னு சொல்லிட்டு மக வீட்டுக்குப் போயிட்டார்.

ஜார்ஜியா மாநிலத்துல அல்பரெட்டால வொய்ஃபோட அண்ணன் வீடு, சாதாரணமா எட்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், எங்களுக்கு 15 மணி நேரம் ஆச்சு. ஐ-75ல லட்சக்கணக்கான வண்டி. மூணு பெட்ரோல் பங்க்ல பம்ப் மேல பை சுத்தி வச்சிருந்தாங்க, நாலாவதுல ஒண்ணரை மணி நேரம் க்யூ. டேங்க் பாதிக்குக் கீழ வந்தா ஜூன்லேருந்து நவம்பர் வரைக்கும் உடனே நிரப்பிடறது இப்போ எங்க வீட்டுப் பழக்கம். கிளம்பறதுன்னு முடிவு பண்ணா முதல் நாளே கிளம்புங்க. இல்லன்னா அவ்வளவு தூரம் ஓட வேண்டியதே இல்ல, தண்ணி வராத ஜோன்ல உறுதியான வீடு, பத்து இருபது மைல் உள்ள தள்ளி இருந்தாலும் போதும், கவுண்டியும் அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

9ஆம் தேதி ராத்திரி எட்டரைக்கு மில்டன் சியெஸ்டா கீல ஏறுச்சு. எங்களுக்குத் தெற்கால. தெற்கால! நூறு மைலைத் தாண்டின காத்து எங்க ஊர்ல அடிச்சுது, டிராபிகானா ஃபீல்ட் ஸ்டேடியத்தோட கூரை கிழிஞ்சுது, 18 இன்ச்சுக்கு மேல மழை, ஆனா கடல் வரல. இயான்ல ஆன மாதிரியே தண்ணி வெளிய போச்சு. நான் 15 அடி ஏறும்னு தளர்த்தி விட்ட கயிறுல, என் படகுக்கு அடியில தண்ணி இல்ல. படகோட அடியில நீட்டிக்கிட்டிருக்க கீல் சேத்துல உக்காந்து, படகு சாஞ்சு, தளர்ந்த கயிறுல காத்து அதைத் தூண் பக்கம் தள்ளியிருக்கு. ஏத்தத்துக்கு மட்டும் கணக்குப் போடாதீங்க. பாதை 30 மைல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறினா ஏறப் போற தண்ணி இறங்கும். கயிறு நீளமா இருக்கலாம், தொளதொளன்னு இருக்கக் கூடாது, ரெண்டும் ஒண்ணில்லங்கிறது அப்போதான் உறைச்சுது.

ஊருக்குத் திரும்பி மூணாம் நாள் போய்ப் பாத்தேன். முன்னாடி ஒரு கயிறு ஹோஸுக்குள்ளயே அறுந்திருக்கு, ஹெலீன்லயே பாதி தேய்ஞ்சிருக்கணும். சுக்கான் ஒடிஞ்சிருக்கு. ஆனா படகைக் கொன்னது அதுகூட இல்ல. காக்பிட் ஓட்டையை இலை அடைச்சு, விழுந்த மழையெல்லாம் தொட்டி மாதிரி நின்னு, கதவுப் பலகை வழியா உள்ள இறங்கியிருக்கு. உள்ள வர்ற தண்ணியை இறைக்கிற பம்ப் கொஞ்ச நேரம் பேட்டரியில ஓடி, சார்ஜ் தீர்ந்து நின்னிருக்கு. கேபின்ல படுக்கை வரைக்கும் பழுப்புத் தண்ணி, இஞ்சின் முழுசா உள்ள. கடல் தொடவே இல்ல, எல்லாம் மழைத் தண்ணி. பழைய படகுன்னு லயபிலிட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் வச்சிருந்தேன், அது என் படகு அடுத்தவனை இடிச்சாத்தான் குடுக்கும். படகுக்கே இன்சூரன்ஸ் எடுக்கிறவங்க, புயல் சமயத்துல கரைக்குத் தூக்கி வைக்கிற செலவுல ஒரு பங்கு சில பாலிசியில வரும், பேர் வச்ச புயலுக்குத் தனி டிடக்டிபிள், அதாவது முதல்ல நம்ம கையிலேருந்து போற தொகை, இருக்கும், ரெண்டையும் வாங்குறப்பவே கேளுங்க. தூக்கி வைக்கிற யார்டுலயும் முன்னாடியே பேசி வச்சவங்களுக்குத்தான் இடம், புயல் கிளம்பினப்புறம் போன் கூட எடுக்க மாட்டாங்க.

சாமான், வாடகை, ஓடிப்போன அட்வான்ஸ், படகு, ஃப்ளட் டிடக்டிபிள் 5,000 எல்லாம் கூட்டினா என் கையிலேருந்து போனது 85,000 டாலருக்கு மேல. அதுல பாதிக்கிட்ட சாமான் கவரேஜ் ஒண்ணு எடுத்திருந்தா வந்திருக்கும். ஒரு மணி நேரம் பெட்டி தூக்கியிருந்தா, பத்து நிமிஷம் இலை பொறுக்கியிருந்தா என்னல்லாம் மிஞ்சியிருக்கும்னு ராத்திரி படுத்தா கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பேன், இப்போ கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வீட்டையும் ரிப்பேர் பண்ணி வித்துட்டோம். அதுக்கு முன்னாடி ஐம்பது சதவீத ரூல்னு ஒரு தலைவலி, ரிப்பேர் செலவு கட்டட மதிப்புல பாதிக்கிட்ட போனா வீட்டையே தூக்கி உயரமா கட்டச் சொல்வாங்க, நாங்க மயிரிழையில தப்பிச்சோம். இப்போ மூணாவது மாடி அபார்ட்மெண்ட். மே மாசமே பாலிசியை எடுத்துப் படிச்சாச்சு, வீட்ல ஒவ்வொரு ரூமையும் அலமாரி திறந்து வீடியோ எடுத்து வச்சாச்சு. எது எது எவ்வளவு உயரத்துல இருக்குன்னு வொய்ஃப் ஒரு பேப்பர் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கா, மூணாவது மாடியில எதுக்குன்னு கேக்கத் தோணல.

படகை அடுத்த ஜனவரியில 1,500 டாலருக்கு ஒரு சின்னப் பையன் வாங்கினான். சுத்திச் சுத்திப் பாத்தான், சுக்கானைப் பாத்தான், இஞ்சினை எட்டிப் பாத்தான். அப்புறம் காக்பிட்ல மண்டி போட்டு அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டு, கறுப்பாகிப் போன இலைக் கத்தையை உருவி எடுத்து என் முன்னாடி பலகையில வச்சான். ஒரு கைப்பிடி கூட இல்ல. அவன் ஒண்ணும் கேக்கல. நான் மிச்சம் இருந்த கயிறு, ஹோஸ் துண்டெல்லாம் போட்ட டப்பாவையும் அவன்கிட்டயே குடுத்துட்டு, அவன் வீடு எந்த ஜோன்னு கேட்டேன்.